ஜெர்மன் காசு ஏல லிஸ்ட்ல "ரொம்ப அழகு"ன்னு போட்டா என்ன கிரேடு? நம்ம ஆளுங்களுக்கு மாத்திச் சொல்ல நாலு வழி இருக்கு, எனக்கு ஒத்து வந்தது எது

எங்க சித்தப்பா மதுரைல இருக்கார், நாப்பது வருஷமா காசு சேக்குறவர், விக்டோரியா ரூபாய்னா தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் எந்த டைப்னு சொல்லிருவார். ரிட்டயர் ஆனதும் திடீர்னு ஜெர்மன் காசு மேல ஆசை வந்துருச்சு, நான் ஷ்டுட்கார்ட்ல இருக்கேன்ங்கிற தைரியம் வேற. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம ஆன்லைன் ஏலத்துல அவரே பிட் பண்ணி ஒரு காசை எடுத்துட்டு, டெலிவரி அட்ரஸா என் வீட்டைக் குடுத்துட்டார். பிரஷ்யா அஞ்சு மார்க், ஜெர்மன் கைசர், அதாவது பேரரசர், ரெண்டாம் வில்ஹெல்ம் தலை போட்டது, 38 மில்லிமீட்டர் அகலம், 27.77 கிராம் எடை, 900 வெள்ளி, ஆயிரத்துல 900 பங்கு வெள்ளின்னு அர்த்தம், அதாவது உள்ள சுத்த வெள்ளி மட்டும் 25 கிராம், கைல வச்சா கனமா ஜம்முனு இருக்கும்.

இருந்திருக்கணும். நான் கவரைப் பிரிச்சுப் பாத்தா கைசர் மீசையையே காணோம். அந்தாளுக்கு அடையாளமே அந்த முறுக்கு மீசை, அது கன்னத்தோட கன்னமா கரைஞ்சு போயி, காது இருக்க வேண்டிய இடத்துல ஒரு மேடு, வருஷத்தைப் படிக்கவே லைட்டுக்கு நேரா சாச்சுப் பிடிக்க வேண்டியிருந்துச்சு. வீடியோ கால்ல காட்டுனேன்.

"என்னடா இது, நல்லா பாதுகாத்து வச்சதுன்னு போட்டிருந்தான், எங்க வச்சுப் பாதுகாத்தான், சட்டைப் பையிலயா?"

"அவன் ஏமாத்தல சித்தப்பா, சரியாத்தான் போட்டிருக்கான், நீங்கதான் வார்த்தைக்கு அர்த்தம் பாத்துட்டீங்க."

லிஸ்ட்ல இருந்தது "கூட் எர்ஹால்டன்". போன்ல ட்ரான்ஸ்லேட் பண்ணா "நன்கு பாதுகாக்கப்பட்டது"ன்னுதான் வரும், அகராதிப்படி தப்பே இல்ல. ஆனா ஜெர்மன் காசு உலகத்துல அது கிட்டத்தட்ட அடிமட்ட கிரேடு, கிரேடுன்னா காசு எவ்வளவு தேஞ்சிருக்குன்னு சொல்ற தரம், நம்ம ஆளுங்க பாஷைல சொன்னா வெறும் குட். பாதி தேஞ்ச காசு.

இதுக்கப்புறம் சித்தப்பாவும் அவர் கூட்டாளிங்க நாலு பேரும் சேந்து வாங்கலாம்னு முடிவு பண்ணி, ஜெர்மன் ஏல லிஸ்ட்டை அவங்களுக்குப் புரியுற மாதிரி மாத்திக் குடுக்குற வேலை என் தலைல விழுந்துச்சு. எப்படி மாத்துறதுங்கிறதுதான் கேள்வி. வார்த்தைக்கு வார்த்தை தமிழ்ல போடலாம், விஎஃப் (வெரி ஃபைன்), எக்ஸ்எஃப் (எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்)னு நம்ம பழகுன இங்கிலீஷ் கிரேடுக்கு மாத்தலாம், அமெரிக்காக்காரன் மாதிரி நம்பர் குடுக்கலாம், இல்ல ஜெர்மன்ல இருக்குறபடியே விட்டுட்டு அவங்களையே படிச்சுக்கச் சொல்லலாம். நாலையும் செஞ்சு பாத்துட்டேன்.

முதல்ல ஜெர்மன் ஏணி எப்படி இருக்குன்னு தெரிஞ்சாத்தான் மத்தது புரியும். கீழ கூட் எர்ஹால்டன், அதுக்கு மேல ஸேர் கூட் எர்ஹால்டன், அதாவது "மிக நன்கு பாதுகாக்கப்பட்டது", அதுவும் தேஞ்ச காசுதான், நம்ம வெரி குட். அதுக்கு மேல "ஷோன்", அகராதில அழகு, கிரேடுல ஃபைன். அடுத்து "ஸேர் ஷோன்", ரொம்ப அழகு, சுருக்கமா எஸ்.எஸ்.னு போடுவான், அது விஎஃப். அதுக்கும் மேல "ஃபோர்ட்ஸூக்லிஷ்", பிரமாதம்னு அர்த்தம், வி.இசட்.னு போடுவான், எக்ஸ்எஃப் பக்கம். உச்சில "ஷ்டெம்பல்க்ளான்ஸ்", எஸ்.டி., அச்சோட பளபளப்பு அப்படியே இருக்குன்னு அர்த்தம், யூஎன்சி, அதாவது புழங்காத காசு, அதுலயும் நல்ல யூஎன்சி. நடுவுல "உன்ட்ஸிர்குலீர்ட்"னு ஒண்ணு வரும், புழக்கத்துக்குப் போகாதது, ஆனா மின்ட்ல, அதாவது காசு அடிக்கிற ஆலைல, மூட்டைல ஒண்ணோட ஒண்ணு இடிச்ச தடம் இருக்கலாம். சில பேர் அதையே "ப்ரேகஃப்ரிஷ்", அடிச்ச புதுசுன்னோ "பாங்க்ஃப்ரிஷ்", பேங்க்ல இருந்து வந்த புதுசுன்னோ எழுதுவாங்க, கேட்டா சுடச்சுட இட்லி மாதிரி இருக்கும்.

வார்த்தைக்கு வார்த்தை தமிழ்ல போடுறது முதல் வழி. எனக்கு ஆசையாத்தான் இருந்துச்சு, தமிழ்ல ஒரு கிரேடு வரிசை இருந்தா நல்லாத்தானே இருக்கும். ஒரு லிஸ்ட்டை அப்படிப் போட்டு அனுப்புனேன். "ரொம்ப அழகு"ன்னு போட்ட காசுக்கு அஞ்சு பேரும் அடிச்சுக்கிட்டாங்க, "அழகு"ன்னு போட்டதுக்கும் அடுத்த சண்டை, ரெண்டுமே நடுத்தரத் தேய்மானம். தப்பு அவங்க மேல இல்ல, தமிழ்ல ரொம்ப அழகுன்னு சொன்னப்புறம் அதுக்கு மேல என்ன இருக்கு, பொண்ணு பாக்கப் போயிட்டு வந்து ரொம்ப அழகா இருக்கான்னு சொன்னா நடுத்தரம்னா நினைப்போம்? ஜெர்மன்காரனுக்கு அது அர்த்தம் போயி வெறும் படிக்கட்டு பேராயிருச்சு, நமக்குத் துரைசாமின்னு பேரு இருந்தா அவர் துரையாங்கிறதைப் பாக்க மாட்டோம்ல, அது மாதிரி. பேரை மொழிபெயர்த்தா குழப்பந்தான். பிரெஞ்சுக்காரனும் இதே கதைதான், அவன் விஎஃப்-க்கு "ரொம்ப ரொம்ப அழகு"ன்னு டிடிபி போடுறான், இத்தாலிக்காரன் "பேரழகு"ன்னு பிபி (BB) போடுறான், ஐரோப்பா முழுக்க அழகுல ஆரம்பிச்சு மேல ஏறுறாங்க. டென்மார்க்ல மட்டும் பழைய முறைல 0, 01, 1னு நம்பர் போடுவாங்க, நம்ம தரங்கம்பாடி டேனிஷ் காசு அங்க ஏலத்துக்கு வர்றப்ப அதையும் படிக்கத் தெரியணும், அது வேற தலைவலி.

ஜெர்மன்லயே விட்டுர்றது எனக்கு வேலை மிச்சம். சித்தப்பா மாதிரி ஊறுன ஆளுக்கு எஸ், எஸ்.எஸ், வி.இசட், எஸ்.டி.னு நாலு சுருக்கெழுத்து மனப்பாடம் பண்றது ஒரு மணி நேர வேலை. ஆனா சுத்தியிருக்குற குட்டி எழுத்துங்க கவுத்துரும். சித்தப்பா ஒரு தடவை "வியூர்ட்டம்பெர்க் 3 மார்க் 1910 எஃப்"னு பாத்துட்டு ஃபைன் காசு வேணாம்னு தள்ளிட்டார். அந்த எஃப் கிரேடே இல்ல, ஷ்டுட்கார்ட் மின்ட்டோட எழுத்து. பெர்லின் ஏ, மியூனிக் டி, கார்ல்ஸ்ரூஹ ஜி, ஹாம்பர்க் ஜே. அதே ஜே எழுத்துக்குப் பின்னாடி புள்ளியும் நம்பரும் வந்தா குர்ட் யேகர் போட்ட ஜெர்மன் காசு கேட்டலாக் நம்பர், 104னா பிரஷ்யா அஞ்சு மார்க். ஜியைப் பாத்து குட்னும் எஃபைப் பாத்து ஃபைன்னும் நம்ம கண்ணு தன்னால படிச்சுரும், பழக்கதோஷம்.

இன்னொண்ணு "ஃபாஸ்ட்". இங்கிலீஷ்ல வேகம், ஜெர்மன்ல "கிட்டத்தட்ட". ஃபாஸ்ட் ஃபோர்ட்ஸூக்லிஷ்னா வி.இசட்-க்கு ஒரு பிடி கம்மி, அதை வெறும் எஃப் புள்ளின்னு சுருக்குவான், மறுபடி நம்ம ஆளு ஃபைன்னு படிப்பார். ரெண்டு கிரேடுக்கு நடுவுல சின்னக் கோடு இருந்தா ரெண்டுக்கும் இடைப்பட்டது, சாஞ்ச கோடு இருந்தா முன்பக்கம் ஒரு கிரேடு, பின்பக்கம் வேற கிரேடு. இது தெரியாம ரெண்டையும் ஒண்ணா எடுத்துக்கிட்டா பணம் நல்லாவே வித்தியாசப்படும். படிக்கிற அஞ்சு பேர்ல ரெண்டு பேருக்கு மூக்குக்கண்ணாடி போட்டாலே இந்தக் கோடு தெரியாது, அதனால இந்த வழி எனக்குச் சரிப்படல.

மூணாவது நம்பர். வில்லியம் ஷெல்டன்னு ஒரு அமெரிக்கர் 1949ல பழைய அமெரிக்க செப்பு சென்ட் காசுக்காக 1ல இருந்து 70 வரைக்கும் ஒரு அளவுகோல் போட்டார், அதுல விஷயம் என்னன்னா அது மொதல்ல விலைக்கணக்கு, 70 போட்ட காசு 1 போட்ட காசைவிட 70 மடங்கு விலை போகும்ங்கிற கணக்கு. அந்த விலைக்கணக்கெல்லாம் எப்பவோ பொய்யாயிருச்சு, நம்பர் மட்டும் நின்னுருச்சு. பிசிஜிஎஸ், என்ஜிசின்னு ரெண்டு அமெரிக்க கிரேடிங் கம்பெனி 1986லயும் 1987லயும் ஆரம்பிச்சு காசை பிளாஸ்டிக் டப்பால சீல் பண்ணி நம்பர் ஒட்டிக் குடுக்க ஆரம்பிச்சப்புறம் உலகமே அந்த நம்பரைப் பிடிச்சுக்கிச்சு.

கூட்டாளிங்களுக்கு இதுதான் ரொம்பப் பிடிச்சுது, "நம்பரா குடுத்துரு தம்பி, சண்டையே வராது"ன்னாங்க. ஆனா என் மனசு ஒப்பல. ஜெர்மன் வி.இசட் ஒரு பெரிய ரூம் மாதிரி, லேசா தேஞ்ச எக்ஸ்எஃப் 40லருந்து மேட்டுல மட்டும் சின்ன உரசல் இருக்குற ஏயூ (கிட்டத்தட்ட புழங்காதது) 58 வரைக்கும் அத்தனையும் அதுக்குள்ளதான் படுத்துக் கிடக்கும், ஏயூன்னு தனி படிக்கட்டே அவங்க பழைய ஏணில கிடையாது. இதுல எந்த நம்பரை நான் எடுத்துக் குடுக்குறது? எழுதுனவன் அவ்வளவு துல்லியமா பாத்து எழுதல, நான் இங்க உக்காந்துக்கிட்டு 45னு போட்டா அது மொழிபெயர்ப்பு இல்ல, நானே கிரேடு பண்றது, அதுவும் காசைக் கைல பிடிக்காம போட்டோவைப் பாத்து. எஸ்.டி.யும் அப்படித்தான், கண்டிப்பான ஆளு எழுதுனா 65ம் அதுக்கு மேலயும் வரும், கைதாராளமான ஆளு எழுதுனா 62 கூட வராது. நம்பர் பாக்க ஸ்கூல் மார்க் மாதிரி கறாரா இருக்கும், உள்ள இருக்குறது என் ஊகம். நாளைக்கு காசு கைக்கு வந்ததும் "நீ 58ன்ன, இது 50தான்"னு என்கிட்டதானே வருவாங்க.

அதனால நான் கடைசில நின்னது நம்ம பழகுன இங்கிலீஷ் எழுத்து கிரேடுலதான். மதுரைல, சென்னைல, கோயமுத்தூர்ல காசு வாங்கி விக்கிற யாரைக் கேட்டாலும் விஎஃப், எக்ஸ்எஃப், யூஎன்சின்னுதான் வாயில வரும், அதுவும் படிக்கட்டு பேருதான், யாரும் அதுல அர்த்தம் தேடுறதில்ல, ஜெர்மன் ஏணிக்கும் இதுக்கும் படிக்குப் படி ஓரளவு பொருந்தும். குறைன்னா அந்த வி.இசட் இடந்தான், அதை "எக்ஸ்எஃப்லருந்து ஏயூ வரை, போட்டோ பாத்துக்கங்க"ன்னு நீளமாவே எழுதிர்றேன், ஒத்தை வார்த்தைல அடைக்கப் பாக்கல. பக்கத்துலயே ஜெர்மன் சுருக்கெழுத்தையும் விட்டுருவேன், ஏன்னா நாளைக்கு அவங்க அதை வித்தாலும் எந்த லிஸ்ட்ல என்ன சொல்லி வாங்குனதுங்கிற ஒரிஜினல் வேணும்.

ஆனா இதெல்லாம் பாதிக்கதைதான். ஒரு வருஷம் இந்த வேலையைச் செஞ்சப்புறம் தெரிஞ்சுது, கிரேடை எப்படி மாத்துறோம்ங்கிறதைவிட கிரேடுக்கு முன்னாடி சின்ன எழுத்துல இருக்குற குறைகளை எப்படி மாத்துறோம்ங்கிறதுலதான் பணம் போகுது. இங்க வார்த்தைக்கு அர்த்தம் வேணும், நல்ல தமிழ்லயே வேணும், மெஷினை நம்பவே கூடாது. "க்ராட்ஸர் இம் ஃபெல்ட்"னு இருந்ததை போன் ஒரு தடவை "வயலில் கீறல்"னு குடுத்துச்சு, சித்தப்பா நெல்லு விளையுற காசு போலன்னு சிரிச்சார், ஃபெல்ட்னா தலைக்கும் எழுத்துக்கும் நடுவுல இருக்குற வெறும் இடம். "ராண்ட்ஃபேலர்"னா ஓரத்துல அடி, நம்ம சொல்ற சொட்டை, ஆர் எஃப்னு சுருக்குவான், சின்னதா கீழ விழுந்து நசுங்குனதா இருக்கும், விலை கொஞ்சந்தான் குறையும்.

"ஹெங்கல்ஷ்பூர்" அப்படி இல்ல. ஹெங்கல்னா கப்போட கைப்பிடி, மெஷின் "கைப்பிடித் தடம்"னு சொல்லும், காசுக்கு ஏது கைப்பிடின்னு நாம தாண்டிப் போயிருவோம். நம்மூர்ல காசுமாலைக்கு பவுன்ல வளையம் பத்த வைப்பாங்கல்ல, அதேதான், ஒரு காலத்துல இந்த வெள்ளிக் காசையும் பதக்கமா கழுத்துல, வாட்ச் செயின்ல மாட்டியிருக்காங்க, பின்னாடி எவனோ வளையத்தைக் கழட்டிட்டு ராவித் தேச்சு வச்சிருப்பான், பன்னெண்டு மணி இடத்துல ஓரம் மொழுமொழுன்னு இருக்கும், விரல் நகத்தை வச்சு ஓரத்தைச் சுத்தி ஓட்டுனா அந்த இடத்துல வழுக்கும். நான் "வளையம் பத்த வச்சு எடுத்தது"ன்னு எழுதுனா அஞ்சு பேருக்கும் ஒரே செகண்ட்ல புரியுது, அந்தக் காசை யாரும் தொடுறதில்ல. கிரேடு என்னவோ வி.இசட்னுதான் இருக்கும், தலையும் கழுகும் அப்படியே கூரா இருக்கும், ஆனாலும் விலைல பாதி கூட நிக்காது.

அடுத்தது "கெரைனிக்ட்", சுத்தம் பண்ணது. இதை மாத்துறது எங்க வீட்டுல ஒரு குடும்பப் பிரச்சினையே ஆயிருச்சு. நம்ம ஆளுங்களுக்கு வெள்ளின்னா திருநீறு போட்டு வெளக்கி பளபளன்னு வைக்கணும், சித்தப்பா வீட்டு விக்டோரியா ரூபாய் பூராவும் சித்தி கையால குளிச்சதுதான், கண்ணாடி மாதிரி மின்னும், பூதக்கண்ணாடில பாத்தா பூரா முடிக்கீறல். "சுத்தம் செய்யப்பட்டது"ன்னு நான் எழுதுனா அதை ஒரு நல்ல விஷயமா எடுத்துக்கிட்டு ரெண்டு பேரு விலையை ஏத்திக் கேட்டாங்க. இப்ப "திருநீறு போட்டு வெளக்குன மாதிரி"ன்னே எழுதுறேன், சித்தி கோவிச்சுக்கிட்டாங்க, ஆனா அர்த்தம் போய்ச் சேந்துருச்சு. "பாட்டினா" இருக்குன்னு போட்டா அது கருத்துப் போன குறை இல்ல, காலத்துல தானா ஏறுன நிறம், அதுக்குத்தான் அங்க காசு குடுக்குறாங்கன்னு மூணு தடவை சொல்லிட்டேன்.

எல்லாத்தையும்விட வம்பு "பொலீர்ட்". தனியா அந்த வார்த்தை இருந்தா பாலிஷ் போட்டுக் கெடுத்த காசு, பாவம்னு ஒதுக்க வேண்டியது. அதுவே "பொலீர்ட்டெ ப்ளாட்டெ", பி.பி. (PP)ன்னு இருந்தா ப்ரூஃப், ரொம்ப உசந்தது. அடிக்கிறதுக்கு முன்னாடி காசாகப் போற வெறும் தட்டையும் அச்சையும் பாலிஷ் போட்டு, கண்ணாடி மாதிரி தரையும் பனி படிஞ்ச மாதிரி உருவமும் வர்ற மாதிரி அடிக்கிறது. ஒரே வார்த்தை, அடிக்கிறதுக்கு முன்னாடி பண்ணா கிரீடம், அடிச்சப்புறம் பண்ணா குப்பை. அதோட பி.பி.ங்கிறது எப்படித் தயாராச்சுன்னு சொல்ற பேரு, கிரேடு இல்ல, அதனால அதுக்குப் பின்னாடி "பெரூர்ட்"னு வருதா பாருங்க, "தொட்டது"ன்னு அர்த்தம். கை பட்டு லேசா தடம் இருக்கு. "பெரீபன்"னு வந்தா உரசியே போச்சு. இப்ப மின்ட்ல விக்கிற புது நினைவுக் காசுலயும் இதே குழப்பம் உண்டு, ஷ்டெம்பல்க்ளான்ஸ், ஷ்பீகல்க்ளான்ஸ்னு ரெண்டு தரம் போடுறான், அங்க முதல் வார்த்தை தயாரிப்பு முறையோட பேரு, அதுல மூட்டைத் தடம் இருந்தாலும் பேரு மாறாது.

குறை மாதிரி தெரிஞ்சு குறை இல்லாததும் ஒண்ணு இருக்கு. பழைய டாலர் காசுல, அமெரிக்க டாலர் இல்ல, 17, 18ம் நூற்றாண்டு ஜெர்மன் டாலர், "யுஸ்டீர்ஷ்பூரன்"னு போட்டிருப்பான், பாத்தா அரம் போட்டு ராவுன கோடு கோடா இருக்கும். அது மின்ட்லயே எடை கூடுன தட்டை அடிக்கிறதுக்கு முன்னாடி ராவிச் சரி பண்ண தடம். "ஷ்ரோட்லிங்"னு ஆரம்பிக்கிற குறையெல்லாமும் அந்த அடிக்காத தட்டோட குறைதான், பின்னாடி வந்தவன் பண்ண சேதம் இல்ல. நான் இதை "பிறவிக் குறை"ன்னு எழுதுறேன், மத்ததை "பின்னாடி வந்த குறை"ன்னு, இந்த ரெண்டு பிரிவு மட்டும் தெரிஞ்சாலே பாதி ஏலம் புரிஞ்சுரும்.

இப்ப ஒரு வரியை எப்படி மாத்துறேன்னு காட்டுறேன். லிஸ்ட்ல இருந்தது பிரஷ்யா, அஞ்சு மார்க் 1903 ஏ, யேகர் 104, ஃபைனெ பாட்டினா, க்ளைனெ ராண்ட்ஃபேலர், ஃபாஸ்ட் ஃபோர்ட்ஸூக்லிஷ். நான் அனுப்புனது: "1903, பெர்லின் மின்ட், நல்ல இயற்கை நிறம், வெளக்கல, ஓரத்துல சின்னச் சொட்டைங்க, வளையம் பத்துன தடம் எதுவும் எழுதல, எக்ஸ்எஃப்-க்கு ஒரு பிடி கம்மி, ஒரிஜினல்ல எஃப்.வி.இசட்." நீளமாத்தான் இருக்கு, ஆனா இதுக்கப்புறம் ஒரு சண்டையும் வரல. "வெளக்கல"ங்கிறது மட்டும் என் கைச்சரக்கு, போட்டோல தெரிஞ்சதை வச்சுச் சொன்னேன், அதை என் அபிப்ராயம்னே தனியா குறிச்சுருவேன்.

டப்பா போட்ட காசையே வாங்குனா என்னன்னு கேப்பீங்க, கூட்டாளில ஒருத்தர் அதுதான் ஒரே வழின்னு அடம் பிடிச்சார். அவர் சொல்றதுல நியாயம் இருக்கு, என்ஜிசி-க்கு மியூனிக்லயே ஆபீஸ் இருக்கு, இப்ப ஜெர்மன் ஏலத்துலயும் டப்பா நிறைய வருது, மொழியே தெரிய வேணாம், வெளக்குன காசா இருந்தா டப்பாலயே நம்பர் போடாம டீடெய்ல்ஸ்னு எழுதிருவான். பெரிய விலைக் காசுக்கு, தங்க 20 மார்க்ல அபூர்வ வருஷம், நல்ல பி.பி., இதுக்கெல்லாம் நானும் டப்பாதான் சொல்லுவேன். ஆனா எஸ்.எஸ் காசுக்கு டப்பா தண்டம், கிரேடிங் செலவு காசு விலையையே தின்னுரும். 1972 ஒலிம்பிக் பத்து மார்க் மாதிரி கோடிக்கணக்குல அடிச்சதுக்கு எஸ்.டி. கிரேடே இருந்தாலும் பெரும்பாலும் உள்ள இருக்குற 9.7 கிராம் வெள்ளி விலைதான், அதுக்குப் போயி டப்பா போட்டா தேங்காயைவிட நார் விலை ஜாஸ்தின்ன கதைதான். இன்னொண்ணு, டப்பாக்குள்ள போன காசோட ஓரத்தை நகம் வச்சுத் தடவ முடியாது, பிரஷ்யா அஞ்சு மார்க் ஓரத்துல "காட் மிட் உன்ஸ்", கடவுள் நம்மோடன்னு எழுதியிருக்கும், அதை உருட்டிப் படிக்கிறது சித்தப்பாவுக்கு தனி சந்தோஷம், அந்த மீசையில்லாத காசுலயும் அந்த எழுத்து மட்டும் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கு.

போன வாரம் சித்தப்பா புது லிஸ்ட் அனுப்பியிருந்தார், நான் மாத்துறதுக்கு முன்னாடியே அவரே பென்சில்ல குறிச்சு போட்டோ எடுத்து அனுப்பிட்டார். ஒரு வியூர்ட்டம்பெர்க் மூணு மார்க் பக்கத்துல "எஃப் = உன் ஊரு மின்ட், ஃபைன் இல்ல"ன்னு ரெண்டு தடவை அடிக்கோடு போட்டிருந்தார், ஒரு பி.பி. பக்கத்துல "எவனோ தொட்டிருக்கான், வேணாம்"னு எழுதியிருந்தார். கீழ ஒரு கேள்வி மட்டும் எனக்கு: "டேய், இந்த நாலாவதுல ஹெங்கல்னு போடல, ஆனா மேல ஓரம் மொழுமொழுன்னு இருக்கே, பெரிய போட்டோ கேட்டு வாங்கு."

கேட்டிருக்கேன், இன்னும் வரல.